சைப்ரஸ் தீவில் நான் ஓட்டிய பக்கி

உலகப் படத்தை விரித்து மத்தியதரைக் கடலைத் தேடுங்கள். அதன் கிழக்கு மூலையில், துருக்கிக்குத் தெற்கே, ஒரு வாலை நீட்டிக்கொண்டு கிடக்கிறதே, அதுதான் சைப்ரஸ் தீவு. பரப்பளவு 9,251 சதுர கிலோமீட்டர். நம் சிலாங்கூர் மாநிலத்தைவிடச் சற்றுப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1878 முதல் வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்து, 1960-இல் விடுதலை பெற்றது. அதனால் அங்கேயும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். 1974 முதல் தீவு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வடக்கே துருக்கியர், தெற்கே கிரேக்கர். நான் போய் வந்தது தெற்குப் பக்கம்.

தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியைக்குச் சைப்ரஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் தம்பி கப்பலில் எஞ்சினியராக இருந்தவன். லிமசோல் என்னும் துறைமுகப் பட்டணத்தில் கப்பல்களை நிர்வகிக்கும் கம்பெனிகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றில் அவனுக்குத் தரையிலே வேலை கிடைத்தது. "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கக்கா, டிக்கெட்டு நான் எடுக்கிறேன்" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். 2019 ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் துணிந்து புறப்பட்டுவிட்டேன். துபாயில் விமானம் மாறி லார்னகாவில் இறங்கினேன்.

லிமசோல், கடைத்தெரு, கோவில் கோபுரம் போல மணிக்கூண்டு வைத்த மாதாகோவில்கள் ஆகியவற்றைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தீவின் வடமேற்கு மூலையில் அக்காமாஸ் என்றொரு முனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. மரமும் பாறையும் வெள்ளாடும் மட்டும் இருக்கிற இடம். தார்ச்சாலை பாதியிலேயே நின்றுபோகிறது. அதற்கு மேல் கல்லும் குழியும்தான். சாதாரணக் கார் அங்கே போனால் அடிவயிறு கிழிந்துவிடும். அதனால் பாபோஸ் பட்டணத்துப் பக்கம் வாடகைக்கு ஒரு வகை வண்டி தருகிறார்கள். அதை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். அதன் பெயர் பக்கி.

சிரிக்காதீர்கள்! நாம் யாரைப் பக்கி என்று திட்டுவோம் என்று எனக்கும் தெரியும். இது வேறு பக்கி. இரண்டு பேர் உட்காரும் குட்டி வண்டி. கதவு இல்லை, கண்ணாடி இல்லை. கூரை இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் குழாயினால் ஒரு கூண்டு. டிராக்டர் டயரின் பேரப்பிள்ளை மாதிரி நான்கு பல் டயர்கள். கிளட்ச் கிடையாது. எண்ணெயை மிதித்தால் ஓடும், பிரேக்கை மிதித்தால் நிற்கும். பார்த்தவுடன் எனக்கு ஆசையும் வந்தது, பயமும் வந்தது.

ஆசை எதனால் என்றால், என் அப்பா தோட்டத்து டிராக்டர் டிரைவர். செம்பனைக் குலை ஏற்றிய டிரேலரை இழுத்துக்கொண்டு மேட்டில் அவர் ஏறுவதை லயத்து வாசலில் நின்று பார்த்து வளர்ந்தவள் நான். பயம் எதனால் என்றால், அப்பாவின் கூட்டாளி ஒருவர் டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வந்து, டிரேலர் தள்ளி, வண்டி கவிழ்ந்து இறந்துபோனார். அப்போது எனக்குப் பதினோரு வயது. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. "எறக்கத்துல கியர விடவே கூடாது" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான் கார் ஓட்டப் பழகினாலும், என் பழைய கஞ்சிலை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போகமாட்டேன். சுற்றுவழியானாலும் சமதரைதான்.

தம்பி விடவில்லை. "நீங்கதான் ஓட்டணும். நான் பக்கத்துல ஒக்காந்து வரேன்."

"டேய், நான் கஞ்சில் ஓட்டறவடா!"

"கஞ்சிலுக்காவது கிளட்ச் இருக்கு. இதுக்கு அதுவும் இல்ல."

வண்டி தருகிற இடத்தில் முதலில் லைசென்சைக் கேட்டார்கள். ஜே.பி.ஜே. அலுவலகத்தில் அனைத்துலக வாகன உரிமம் எடுத்துக்கொண்டு போயிருந்தது நல்லதாகப் போயிற்று. பிறகு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பொடி எழுத்தை முழுக்கப் படித்தேன். டயரும் வண்டியின் அடிப்பாகமும் இன்சூரன்சில் சேராது என்று அதில் இருந்தது. கல்லிலே ஓடும் வண்டிக்கு எது கெட்டுப்போகுமோ அதற்கு மட்டும் இன்சூரன்ஸ் இல்லை! தம்பி வண்டியைச் சுற்றி வந்து, ஏற்கெனவே இருந்த கீறல்களையெல்லாம் படம் பிடித்துக்கொண்டான். இதை நீங்களும் செய்யுங்கள். எந்த ஊரில் எந்த வண்டியை வாடகைக்கு எடுத்தாலும் செய்யுங்கள். நம்பர் பலகை சிவப்பு நிறத்தில் இருந்தது. அந்த நாட்டில் வாடகை வண்டிக்கு அதுதான் அடையாளமாம். சிவப்பைக் கண்டால் உள்ளூர்க்காரர்கள் சற்று விலகியே ஓட்டுகிறார்கள்.

ஹெல்மெட், தூசுக் கண்ணாடி, மூக்கைச் சுற்றிக் கட்ட ஒரு துணி எல்லாம் கொடுத்தார்கள். எங்களோடு இன்னும் நான்கு பக்கிகள். வழிகாட்டியாக ஒரு பெரியவர் ஜீப்பில் முன்னே போனார். அறுபது வயது இருக்கும், மலைக் கிராமத்துக்காரர். புறப்படுமுன் எங்களை நிற்க வைத்து ஆங்கிலத்தில் மூன்று செய்திகள் சொன்னார். வண்டி கவிழ்ந்தால் கையை வெளியே நீட்டித் தரையில் ஊன்றப் பார்க்காதீர்கள், கூண்டு காப்பாற்றும், வெளியே நீட்டிய கையைக் காப்பாற்றாது. முன்னே போகும் வண்டியின் தூசு அடங்கும் அளவுக்கு இடைவெளி விட்டு வாருங்கள். இறக்கத்தில் 'எல்' கியரைப் போட்டுக்கொள்ளுங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். மூன்றாவதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்பா பேசுவது போலவே இருந்தது.

கோரல் பே என்னும் கடற்கரை ஊரைத் தாண்டினால் இருபுறமும் வாழைத் தோட்டம். ஐரோப்பாக்காரர் நாட்டில் வாழையா என்று வியந்தேன். பேயியா என்னும் அந்தப் பகுதியின் வாழைப்பழம் அங்கே பெயர் பெற்றதாம். குலை வெட்டிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் முகத்தைப் பார்த்தால் நம் பக்கத்தவர் போல இருந்தது. கை அசைத்தேன், அவர்களும் அசைத்தார்கள். வெயில் முப்பத்தைந்து டிகிரி இருக்கும். எந்த நாடானால் என்ன, குலையின் பாரம் தோளுக்குத்தானே தெரியும்.

சற்றுத் தூரத்தில் பாறைமேல் ஒரு கப்பல் சாய்ந்து கிடந்தது. எட்ரோ 3 என்று பெயர். 2011 டிசம்பரில் புயலில் அடித்து வந்து கரை தட்டியதாம். எட்டு வருடமாகியும் அப்படியே துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்துத் தம்பி முகம் சுளித்தான். கப்பல்காரனுக்கு அது பிணத்தைப் பார்ப்பது மாதிரி போலும்.

ஆகியோஸ் கியோர்கியோஸ் என்னும் சிறு மீன்பிடித் துறையோடு தார் முடிகிறது. அதற்கு மேல் தோட்டத்துப் பாதைதான், வாசகர்களே! பெருமழைக்குப் பிறகு நம் மேட்டுக் காட்டுப் பாதை எப்படியிருக்கும்? அதைக் காயவைத்து, மேலே சுண்ணாம்புக் கல்லைக் கொட்டி வையுங்கள், அதுதான் அக்காமாஸ். வண்டி குதிக்கிறது, ஆடுகிறது, பல் கடகடவென்று அடிக்கிறது. தூசு வாய்க்குள் போய் மாவு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. முதல் அரை மணி நேரம் ஸ்டீரிங்கை நான் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. "அக்கா, அது ஆட்டுக் கொம்பில்ல, மெதுவாப் பிடிங்க" என்றான் தம்பி. பிடியைத் தளர்த்தியதும் வண்டி தானாகவே குழியைத் தாண்டிப் போனது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு கல்லும் நம் தோளிலேதான் இடிக்கும். பிறகு எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரு மேட்டில் ஏறும்போது வாய்விட்டுச் சிரித்தேன். நாற்பத்திரண்டு வயதில் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அந்த உற்சாகத்தில்தான் தவறு செய்தேன்.

அவாக்காஸ் என்னும் மலையிடுக்கு கடலோடு சேரும் இடத்தில் டொக்ஸெப்ட்ரா என்றொரு மணற்கரை. அதற்கும் வடக்கே லாரா கடற்கரை. ஆள் நடமாட்டமில்லாத பொன் நிற மணல், கண்ணாடி போலக் கடல். பாதை மணலை ஒட்டியே ஓரிடத்தில் இறங்கி வளைகிறது. பெரியவரின் ஜீப் வளைவைத் தாண்டி மறைந்துவிட்டது. "அக்கா, கொஞ்சம் மணல்ல எறக்குங்க, கடலோட சேத்து ஒரு படம் எடுப்போம்" என்றான் தம்பி. நானும் யோசிக்காமல் ஸ்டீரிங்கைத் திருப்பிவிட்டேன். நான்கு சக்கரமும் மணலில் இறங்கி, இரண்டு ஆள் நீளத்துக்குப் போயிருக்கும். பின்னால் ஜீப்பின் ஹார்ன் விடாமல் அலறியது. பெரியவர் திரும்பி வந்துவிட்டார்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வண்டியை அணைக்கச் சொன்னார். இறங்கி வாருங்கள் என்று கையைக் காட்டினார். அழைத்துப் போய், நான் கவனிக்காமல் தாண்டி வந்த ஓர் அறிவிப்புப் பலகையின் முன் நிறுத்தினார். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை மணலில் வண்டி ஓட்டக்கூடாது, குடை நடக்கூடாது, இரவில் தங்கக்கூடாது. பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கிற ஒருத்தி ஆள் உயரப் பலகையைப் படிக்காமல் வந்திருக்கிறேன்!

பிறகு இருபது முப்பது அடி தள்ளி, மணலில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு கம்பிக் கூண்டைக் காட்டினார். நம் வீட்டில் கோழிக்குஞ்சை மூடி வைக்கும் கூடை போல இருந்தது. அதற்கடியில் ஆமை முட்டைகள்.

அங்கே இரண்டு வகை ஆமைகள் கரையேறுகின்றன. ஒன்று பச்சை ஆமை, மற்றொன்று பெருந்தலை ஆமை. கோடைகாலத்து இரவில் தாய் ஆமை வந்து குழி தோண்டி, நூறு முட்டையளவில் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய ஏழு வாரம் மணலின் சூட்டிலேயே முட்டை பொரிய வேண்டும். நரி மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்றுவிடும். அதற்குத்தான் கூண்டு. நரியின் மூக்கு உள்ளே போகாது, ஆனால் குஞ்சு வெளியே வந்துவிடும். 1978-ஆம் ஆண்டு முதல் அந்த நாட்டு மீன்வளத் துறை இந்த வேலையைச் செய்து வருகிறது. முதலில் வந்த குஞ்சுகள் வளர்ந்து தாயாகித் திரும்ப இருபது முப்பது வருடம் ஆகுமாம். அதுவரை பலன் தெரியாமலே வேலை செய்திருக்கிறார்கள். இப்போது கூடுகள் பெருகி வருகின்றன என்று சொல்லும்போது பெரியவர் முகத்தில் ஒரு பெருமை.

"கூண்டு மேல நான் ஏத்தலையே" என்று தம்பி மெதுவாக என் காதில் முணுமுணுத்தான். பெரியவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அர்த்தம் தெரிந்துவிட்டது போலும். என் வண்டிச் சக்கரம் போட்ட தடத்தில் தம் கையை வைத்துக் காட்டினார். மணிக்கட்டு வரை ஆழம். பிறகு கட்டை விரலைக் காட்டினார். குஞ்சு அவ்வளவுதான் இருக்கும். இரவிலே வெளியே வந்து, வெளிச்சமாகத் தெரிகிற கடலைப் பார்த்து ஓடும். வழியில் இந்தப் பள்ளத்தில் விழுந்தால் ஏற முடியாது. கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பள்ளத்தோடேயே நெடுகப் போகும். விடிந்ததும் வெயில், பறவை, நண்டு. அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் டிராக்டர் தடத்தில் கோழிக்குஞ்சு விழுந்து கத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாய்க்கோழி மேலே நின்று தவிக்கும். நாமாவது ஓடிப்போய்த் தூக்கிவிடுவோம். ஆமைக் குஞ்சுக்குத் தாய்கூட அருகில் இல்லை.

எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. 1986-இல் எனக்கு ஒன்பது வயது. தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து திரெங்கானுவில் ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு ஆமை பார்க்கப் போனோம். உங்களில் பலர் போயிருப்பீர்கள். இரவு வெகுநேரம் மணலில் காத்திருந்தோம். 'பெலிம்பிங்' ஆமை ஒன்று வந்தது. மேசை அகலம் இருக்கும், முதுகில் நீளநீளமாய் வரி. எல்லாரும் டார்ச்சு அடித்தார்கள், கூச்சல் போட்டார்கள். யாரோ ஒருவர் என்னைத் தூக்கி அதன் முதுகில் உட்காரவைத்தார். அப்பா படம் எடுத்தார். ஆமையின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "அழுவுது" என்று நான் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். உடம்பில் சேரும் உப்பை அது அப்படித்தான் வெளியேற்றும் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். காரணம் தெரிந்தும் அந்தக் கண் மறக்கவில்லை. மறுநாள் சந்தையில் முட்டை வாங்கி வந்து அவித்துச் சாப்பிட்டோம்.

1950-களில் அந்தக் கரையில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் வரை இருந்தனவாம். இப்போது பெலிம்பிங் வந்தால் அது செய்தி. முட்டையை எடுத்துத் தின்றோம், கடலில் வலை விரித்தோம், கரையில் வெளிச்சம் போட்டோம். 2022 ஜூன் முதல் திரெங்கானுவில் எந்த ஆமை முட்டையையும் விற்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதற்குள் பெலிம்பிங் ஏறக்குறைய போய்விட்டது.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேனா என்றால், இல்லை. முதுகில் உட்கார்ந்ததை எப்படிச் சொல்வது? "மன்னிக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். வண்டியை வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுக்கச் சொன்னார், புதுத் தடம் விழக்கூடாது என்று. ஒரு பக்கம் அவர் கையைக் காட்ட, மறுபக்கம் தம்பி நின்று பார்க்க, மெதுமெதுவாக எடுத்தேன். பிறகு மூவருமாகக் காலாலும் கையாலும் மணலைத் தள்ளிப் பள்ளத்தை மூடினோம். வளைவில் காத்திருந்த மற்ற பக்கிக்காரர்களில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும் வந்து கைகொடுத்தார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. மணல் சுட்ட சூட்டில் என் உள்ளங்கை சிவந்துவிட்டது.

லாராவிலிருந்து மலைக்கு ஏறும் பாதையில் தம்பி ஓட்டுகிறேன் என்றான். நான் கொடுக்கவில்லை. கோபம் அல்ல. மேடு என்றால் சுற்றிப் போகிறவள் அன்று சுற்றிப் போவதாக இல்லை. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. மேலேயிருந்து திரும்பிப் பார்த்தால் இரண்டு கரைகளும் ஒருசேரத் தெரிந்தன. கூண்டுகள் சிறு புள்ளிகள்.

மலைமேல் இனியா, துரூசியா என்னும் கிராமங்கள். திராட்சை பழுத்திருந்த காலம். தோட்டத்தை ஒட்டிப் போகையில் ஒரு பாட்டி கையைத் தாழ்த்தி, மெதுவாக என்று சைகை காட்டினார். எங்கள் தூசுதான் அவருடைய பழத்தின்மேல் படிகிறது. அங்கிருந்து ஊர் எல்லை தாண்டும்வரை ஊர்ந்துதான் போனேன். வழியில் ஒரு மரத்தில் புளியங்காய் மாதிரி கறுத்த காய் தொங்கிற்று. காரோப் என்கிறார்கள். கடித்தால் வெல்லம் போல இனிக்கிறது. ஒரு காலத்தில் கறுப்புத் தங்கம் என்று சொல்லி ஏற்றுமதி செய்தார்களாம். தங்கத்துக்கும் வைரத்துக்கும் 'காரட்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லே இந்தக் காயின் விதைப் பெயரிலிருந்து வந்ததுதான். காப்பிக் கடையில் பெரியவர் ஹல்லூமி என்னும் பாலாடைக் கட்டியைச் சுட்டு வாங்கிக் கொடுத்தார். பல்லில் கீச்சிடுகிறது, நன்றாக இருக்கிறது. திராட்சைச் சக்கையில் காய்ச்சிய சிவானியா என்னும் சாராயத்தையும் தம்பிக்கு நீட்டினார்கள். நம் சம்சுவின் மாமன் மகன் என்று வாசனையே சொல்லிற்று. ஒரு பார்வை பார்த்தேன், தம்பி தண்ணீர் போதும் என்றுவிட்டான்.

காப்பிக் கடையை விட்டு வடக்கே இறங்கும் செங்குத்துப் பாதையில் 'எல்' கியரைப் போட்டேன். வண்டி உறுமிக்கொண்டு, ஒரு அடி ஒரு அடியாக, சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கியது. பிரேக்கைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை. அப்பா இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். சட்டைப் பையிலிருந்து பீடியை எடுத்துப் பற்றவைத்திருப்பார், அவ்வளவுதான். பாராட்டு என்றால் அவருக்கு அதுதான்.

கடைசியாகப் போனது அப்ரோடைட்டி என்னும் காதல் தேவதை குளித்ததாகச் சொல்லும் சுனை. அத்திமர நிழலில் ஒரு சின்னக் குட்டை. அழகுதான், ஆனால் கூட்டம். குளிக்கவும் விடமாட்டார்கள். தூசு அப்பிய முகத்தோடு நின்ற நான் மட்டும் தேவதைக்கு ஒரு பெருமூச்சு விட்டு வந்தேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அடியில் கீறல் ஒன்றும் இல்லை. முன்பணம் முழுக்கத் திரும்பி வந்தது. வாடகை எவ்வளவு என்று தம்பி கடைசிவரை சொல்லவில்லை. காதுக்குள் இருந்த தூசு போக இரண்டு நாள் பிடித்தது.

ஊர் திரும்பிய பிறகு அம்மாவின் ஆல்பத்தை எடுத்தேன். ரந்தாவ் அபாங் படம் மஞ்சள் பிடித்துப் போய் இன்னும் இருக்கிறது. தம்பி பக்கி ஓட்டும் படங்களாக நிறையக் கொடுத்திருந்தான். நான் அதில் வேறொன்றை எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டினேன். அந்த வெள்ளைக்காரம்மாள் எடுத்துத் தந்தது. குனிந்து மணலைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், முகம்கூடச் சரியாகத் தெரியாது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்னாடி இது, அம்புட்டு தூரம் போயும் வாசல்தான் கூட்டினியா?" என்றார்.